அந்த ஐந்தாவது உரிமை

என் தங்கை டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்கக் குடியுரிமைக்கு அவள் விண்ணப்பித்தபோது, அந்நாட்டின் வரலாற்றையும் அரசமைப்பையும் பற்றிய கேள்விகளுக்கு ஓர் அதிகாரியின் முன் உட்கார்ந்து வாயால் விடை சொல்ல வேண்டும் என்றார்கள். அவளுக்குக் கொடுத்த பட்டியலில் 100 கேள்விகள் இருந்தன. அவற்றிலிருந்து அப்போது பத்துவரை கேட்பார்கள், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும். அவளுக்குக் காலை விடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பாளையங்கோட்டையில் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகும் முன்னர், வாட்ஸ்அப்பில் நான் கேட்பதும் அவள் சொல்வதுமாக ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஓடின.

அந்தப் பட்டியலில் ஆறாவது கேள்வி, அரசமைப்பின் முதல் திருத்தம் காக்கும் உரிமைகளில் ஒன்றைச் சொல்லும்படி கேட்பது. ஒன்றைச் சொன்னால் போதும் என்றாலும் ஐந்தையும் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. பேச்சு, சமயம், பத்திரிகை, அமைதியாகக் கூடுவது என்று நான்கு வரைக்கும் தடையில்லாமல் வந்துவிடும். ஐந்தாவதில் நிற்பாள். "குறைகளைத் தீர்க்கும்படி அரசிடம் மனு கொடுக்கும் உரிமை" என்று நான் எடுத்துக் கொடுத்தபோது சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தாள். "ஏன் அண்ணே, மனு குடுக்கதையுமா ஒரு உரிமைன்னு எழுதி வச்சிருக்காவ? அப்படிப் பாத்தா நம்ம அப்பா தெனமும் உரிமையைத்தான எழுதிட்டு இருந்தாவ!"

அவள் விளையாட்டாகச் சொன்ன அந்த வாக்கியம் எனக்கு அன்றிரவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா மனு எழுதுகிறவர். கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, மரநிழலில் ஒரு மடக்கு மேசையும் இரண்டு முக்காலியும் போட்டு, முதலில் கையாலும் பிறகு தட்டச்சுப் பொறியாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களின் குறைகளை எழுதிக் கொடுத்தவர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால், விடியற்காலையிலேயே புறப்பட்டு ஆட்கள் வருவதற்கு முன் மேசையைப் போட்டுவிடுவார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பாதைத் தகராறு, குளத்து மடையை அடைத்துவிட்ட பக்கத்து நிலத்துக்காரர், கந்துவட்டி என்று எல்லாமே அந்த மேசைக்கு வரும். வந்தவர் அழுதுகொண்டே பத்து நிமிடம் சொல்வதை அப்பா பத்து வரிகளில் அடக்குவார். "மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமூகத்திற்கு" என்று தொடங்கி, "மிகவும் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் மனு" என்று இறங்கி, "ஏழையின் பேரில் கருணை கூர்ந்து ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்" என்று முடிப்பார். அந்தத் தாழ்மையும் கருணையும் விடுபட்டால் மனு எடுபடாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. எழுதிய ஒவ்வொரு மனுவையும் நீளமான ஒரு நோட்டில் பதிந்து வைத்திருந்தார். தேதி, ஊர், பெயர், பொருள், வாங்கிய கூலி என்று ஐந்து கட்டங்கள்.

இப்படித் தாழ்ந்து பணிந்து கேட்பது எப்படி உரிமை ஆகும் என்பதுதான் தங்கையின் கேள்வி. அமெரிக்க அரசமைப்பின் அடித்தளத்தைப் பற்றி நான் இதுவரை படித்தவற்றில் இதைவிடக் கூர்மையான கேள்வியைக் கண்டதில்லை.

இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும். 1688ஆம் ஆண்டு ஏழு பிஷப்புகள் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். மன்னர் பிறப்பித்த ஆணை ஒன்றைத் தங்கள் தேவாலயங்களில் வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்பது அதன் சாரம். மனு கொடுத்ததையே அரசத்துரோக அவதூறாகக் கொண்டு அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள், ஜூரர்கள் அவர்களை விடுவித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னர் நாட்டை விட்டே ஓடிப்போனார். 1689இல் இயற்றிய உரிமைச் சட்டத்தில், மன்னரிடம் மனு கொடுப்பது குடிகளின் உரிமை என்றும், அதற்காகச் சிறைப்படுத்துவதும் வழக்குத் தொடுப்பதும் சட்டவிரோதம் என்றும் எழுதி வைத்தார்கள். கேட்பது பணிவாக இருக்கலாம், ஆனால் கேட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கக்கூடாது என்ற அந்த ஒரு கோடு அப்போதுதான் விழுந்தது. குடிபெயர்ந்து அமெரிக்கா போன ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையும் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

1765இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது முத்திரைத் தீர்வை விதித்தது. பத்திரங்கள், வழக்கு ஆவணங்கள், செய்தித்தாள்கள், சீட்டுக்கட்டு உட்பட எல்லாவற்றுக்கும் முத்திரைத் தாள் வேண்டும். அப்பாவின் மேசை இழுப்பறையில் கோர்ட்டு ஸ்டாம்புகளுக்கென்று ஒரு பழைய மருந்து டப்பா இருந்தது. ஈரப் பஞ்சைத் தொட்டு மனுவின் மேல் ஓரத்தில் அந்தச் சிறு தாளை ஒட்டும் வேலையைப் பள்ளி விடுமுறைகளில் நான் செய்திருக்கிறேன். ஒரு பேரரசையே உடைத்த பகையின் முதல் முடிச்சு இப்படிப்பட்ட ஒரு துண்டுத் தாளில் விழுந்தது என்பதை நினைக்கும்போது அந்தப் பஞ்சின் ஈரம் விரலில் வந்துபோகிறது. ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் கூடினார்கள். தங்கள் பிரதிநிதிகள் இல்லாத ஒரு சபை தங்கள் மீது வரி போட முடியாது என்று தீர்மானித்து, மன்னருக்கும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் மனு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தீர்வை ரத்தானது. ஆனால் வரி போடும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்ற நிலையிலிருந்து லண்டன் இறங்கி வரவில்லை.

வரிக்கும் பிரதிநிதித்துவத்துக்கும் உள்ள இந்த முடிச்சைத் திருநெல்வேலிச் சீமையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் அம்மன் கோயில் கொடை விழா வந்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்குவார்கள். வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம், கொடையை எந்தத் தேதியில் வைப்பது என்று கூட்டத்தில் எழுந்து பேசலாம். ஒரு குடும்பத்தை ஊரை விட்டு ஒதுக்க வேண்டும் என்றால் யாரும் அந்தக் குடும்பத்தின் மேல் கை வைப்பதில்லை, அவர்களிடம் வரி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். வரி வாங்காவிட்டால் ஆள் கணக்கில் இல்லை. அமெரிக்கர்கள் அதே கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டார்கள். எங்களை ஆளாகக் கணக்கில் எடுக்காத நீ எங்களிடம் வரி வாங்காதே என்றார்கள்.

1775இல் துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்ட பிறகும் அவர்கள் கடைசியாக ஒரு மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அதைக் கையில் வாங்கவே மறுத்து, குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். ஓர் ஆண்டு கழித்து, 1776 ஜூலை 4 அன்று வெளிவந்த விடுதலைப் பிரகடனத்தில், எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியை உலகமே அறியும். அதே ஆவணத்தின் பின்பகுதியில், மன்னர் செய்த கொடுமைகளின் நீண்ட பட்டியல் முடிந்த இடத்தில் வரும் ஒரு வாக்கியத்தை நான் தங்கைக்காகப் படித்தபோதுதான் கவனித்தேன். ஒவ்வொரு கொடுமையின்போதும் மிகவும் தாழ்மையான சொற்களில் நிவாரணம் கேட்டு மனு கொடுத்தோம், திரும்பத் திரும்பக் கொடுத்த மனுக்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்த தீங்கே விடையாக வந்தது என்பது அந்த வாக்கியத்தின் பொருள். ஜெபர்சன் எழுதிய அந்த ஆவணத்திலும் எங்கள் அப்பாவின் தாழ்மை இருக்கிறது! ஒரு நாடு பிறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், மனுவுக்குப் பதில் வரவில்லை என்பதும் ஒன்று.

விடுதலைக்குப் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 13 மாநிலங்களையும் முதலில் இணைத்திருந்த தளர்ந்த கூட்டமைப்புக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லாததால் அது தள்ளாடியது. 1787 மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் 55 பேராளர்கள் கூடிக் கதவுகளை அடைத்துக்கொண்டு புதிய அரசமைப்பை எழுதினார்கள். ரோட் ஐலண்டு மாநிலம் ஆள் அனுப்பவில்லை. கடைசியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர்.

அவர்கள் கண்ட ஏற்பாட்டின் உயிர் ஒரே ஓர் எண்ணத்தில் இருக்கிறது. ஆட்சியில் உட்காருகிறவர் நல்லவராக இருப்பார் என்று நம்பிச் சட்டம் எழுதக் கூடாது. கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவி அறங்காவலரிடமும் மற்றொன்று அதிகாரியிடமும் இருக்கும்படி வைப்பதைப் பார்த்திருக்கிறோம். இருவரில் எவரையும் திருடர் என்று சொல்வதற்காக அப்படி வைப்பதில்லை, ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது என்பதற்காக வைக்கிறோம். அமெரிக்காவில் காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும், குடியரசுத் தலைவர் அதை மறுக்கலாம், மறுத்தாலும் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் சட்டம் நிறைவேறும். குடியரசுத் தலைவர் நீதிபதியை நியமிப்பார், ஆனால் காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்ப வேண்டும். 1803இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பிலிருந்து, அரசமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் வேலையும் நீதிமன்றத்தின் கையில் வந்தது. ஒருவரது பதவி ஆசையை மற்றவரது பதவி ஆசையைக் கொண்டே கட்டிப்போடுவது இதன் நுட்பம். மனிதர்களைப் பற்றி இவ்வளவு குறைவாக மதிப்பிட்டு இவ்வளவு நீண்ட நாள் நிலைக்கும் ஒன்றைக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு வியப்புத்தான்.

இத்தனை பூட்டுகளைப் போட்டவர்கள் தனிமனிதனின் உரிமைகளைப் பற்றி ஒரு பட்டியலை எழுதாமலே எழுந்துவிட்டார்கள். கூட்டம் முடிவதற்குச் சில நாள் முன்பு விர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் உரிமைப் பட்டியல் ஒன்று வேண்டும் என்றார், சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். வாக்களித்த மாநிலங்களில் ஒன்றுகூட ஆதரிக்கவில்லை. அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். எதிர்த்தவர்களின் வாதத்தையும் எளிதாகத் தள்ள முடியாது. அந்தப் பேராளர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் அப்போது செய்தித்தாளில் எழுதிய கட்டுரை ஒன்றில், உரிமைப் பட்டியல் என்பது மன்னர்கள் குடிகளுக்கு விட்டுக்கொடுத்தவற்றின் பட்டியல், இங்கே மக்களே எசமானர்கள், எதையும் எவரிடமும் ஒப்படைத்துவிடாதவர்கள் எதற்காகப் பட்டியல் போட்டு வாங்க வேண்டும் என்று கேட்டார். பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே அரசுக்குக் கொடுக்கப்படாதபோது, கட்டுப்படுத்தக் கூடாது என்று எழுதினால் அந்த அதிகாரம் இருப்பதுபோல் ஆகிவிடாதா என்பதும் அவர் கேள்வி.

இதைப் படித்தபோது அப்பாவின் மேசைதான் என் கண்முன் வந்தது. எசமானன் எதற்கு மனு எழுத வேண்டும்? வீட்டுக்காரன் தன் வேலைக்காரனிடம் "கருணை கூர்ந்து ஆவன செய்க" என்று எழுதுவானா? ஹாமில்டனின் வாதம் தருக்கத்தில் பழுதில்லாதது. வாழ்க்கையில் அது நிற்கவில்லை என்பதைத்தான் பல மாநிலங்களின் மக்கள் சொன்னார்கள், உரிமைப் பட்டியலைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்தால்தான் அரசமைப்பை ஏற்போம் என்று நெருக்கினார்கள். முதலில் அந்தப் பட்டியலில் பெரிய நம்பிக்கை இல்லாத ஜேம்ஸ் மாடிசனே 1789 ஜூன் 8 அன்று அதை அவையில் கொண்டுவந்தார். காங்கிரஸ் அனுப்பிய 12 திருத்தங்களில் பத்து 1791 டிசம்பர் 15 அன்று நிறைவேறின. ஹாமில்டனின் அச்சத்துக்கும் அதில் ஒரு விடை வைத்தார்கள். சில உரிமைகளை எழுதிவைத்திருப்பதால் எழுதாத மற்ற உரிமைகள் மக்களிடம் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது என்பது ஒன்பதாவது திருத்தம். (அன்று நிறைவேறாத இரண்டில் ஒன்று 1992இல் நிறைவேறி 27ஆவது திருத்தம் ஆனது. நம் ஊர் பட்டா மாறுதலை இனி நான் தாமதம் என்று சொல்லப் போவதில்லை.)

முதல் திருத்தத்தின் வாக்கிய அமைப்பைக் கவனிக்க வேண்டும். மக்களுக்கு இன்னின்ன உரிமை வழங்குகிறோம் என்று அது சொல்லவில்லை. காங்கிரஸ் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்று அரசின் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கி, சமயம், பேச்சு, பத்திரிகை என்று வரிசையாக வந்து, அமைதியாகக் கூடுவதற்கும் குறைதீர்க்கும்படி மனு கொடுப்பதற்கும் மக்களுக்குள்ள உரிமையில் முடிகிறது. உரிமை முன்பே இருக்கிறது, எழுத்து வேலிதான் போடுகிறது. அந்த விவாதத்தின்போது, பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடும் உரிமையையும் மக்களுக்குச் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெரும்பான்மையினர் அதை நிராகரித்தார்கள். மக்கள் கேட்கலாம், கட்டளையிட முடியாது. எசமானனுக்கும் ஓர் எல்லை வைத்தார்கள் என்று நினைக்கிறேன். அவனும் அடுத்த தேர்தல் வரைக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எழுதிவைத்த வேலியை எழுதியவர்களே தாண்டினார்கள் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. உரிமைப் பட்டியல் நிறைவேறி ஏழே ஆண்டுகளில், 1798இல், அரசையும் குடியரசுத் தலைவரையும் இழித்து எழுதுவதைக் குற்றமாக்கும் ராஜத்துரோகச் சட்டத்தை அதே காங்கிரஸ் இயற்றியது. வெர்மான்ட் மாநிலத்தின் உறுப்பினர் மேத்யூ லயன் அதில் நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே தேர்தலில் நின்று வென்றார். 1801இல் அந்தச் சட்டம் காலாவதியானது, ஜெபர்சன் குடியரசுத் தலைவராகப் பதவிக்கு வந்து தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். இதைப் படிக்கும் திருநெல்வேலிக்காரர் எவருக்கும் 1908 நினைவுக்கு வராமல் போகாது. ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை மேடையில் பேசியதற்கும், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கும், இந்த ஊர் அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி பின்ஹே அந்த ஆண்டு ஜூலையில் விதித்த தண்டனை 40 ஆண்டுகள் நாடுகடத்தல். மேல்முறையீட்டில் அது குறைந்தது என்றாலும், கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இழுத்ததுதான். பேச்சுக்கு நான்கு மாதம் கொடுத்ததையே வெட்கக்கேடு என்று அமெரிக்கர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் நீதிபதியின் மனமா என்று யோசித்தால் அப்படித் தோன்றவில்லை, இங்கே அரசின் கையைப் பிடிக்க ஒரு வாக்கியம்கூட எழுதப்பட்டிருக்கவில்லை.

மனு என்ற அந்த எளிய உரிமைக்கு நேர்ந்த பெரிய சோதனை 1836இல் வந்தது. அமெரிக்க அரசமைப்பில் அடிமை என்ற சொல் கிடையாது. ஆனால் அடிமைகள் உண்டு. பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள். எங்கள் ஊர்க் கொடைக் கணக்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் கொடியது, ஒதுக்கிவைத்தவனின் தலையை எண்ணி ஒதுக்கியவன் கணக்கில் சேர்த்துக்கொண்ட கதை. வடக்கு மாநிலங்களிலிருந்து, குறிப்பாகப் பெண்களிடமிருந்து, அடிமைமுறையை ஒழிக்கக் கோரி ஆயிரக்கணக்கான மனுக்கள் வந்து குவிந்தபோது, அவற்றைப் படிக்காமலும் விவாதிக்காமலும் கிடப்பில் போட வேண்டும் என்று பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. வாய்ப்பூட்டு விதி என்று அதற்குப் பெயர்.

அதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் மல்லுக்கு நின்றவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். குடியரசுத் தலைவராக இருந்து பதவி இறங்கிய பிறகு, சாதாரண உறுப்பினராக மீண்டும் சபைக்கு வந்தவர், அப்போது வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. 1837 பிப்ரவரியில் ஒருநாள் அவர் எழுந்து, தம் கையில் 22 அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லும் மனு ஒன்று இருக்கிறது, இதுவும் வாய்ப்பூட்டு விதிக்குள் வருமா என்று சபாநாயகரிடம் பவ்வியமாகக் கேட்டார். தெற்கத்திய உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். அவரைக் கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும், மனுவை எரிக்க வேண்டும் என்றெல்லாம் கூச்சல். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு அவர் ஒரு தகவலைச் சொன்னார். அந்த மனு கேட்டது அடிமை ஒழிப்பை அல்ல, நேர்மாறானதை! ஒழிக்க வேண்டாம் என்று கேட்கும் மனு அது. அவரைக் கண்டிக்கும் தீர்மானம் தோற்றது, ஆனால் அடிமைகளுக்கு மனு கொடுக்கும் உரிமை இல்லை என்று சபை தனியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

அந்தத் தீர்மானத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மனுவில் என்ன எழுதியிருந்தது என்பது அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. தங்களுக்குச் சாதகமான மனுவாக இருந்தும் அதை வாங்கத் தயாராக இல்லை. வாங்கினால் கொடுத்தவன் ஆள் ஆகிவிடுவான் என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். தங்கையின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. எவ்வளவு பணிந்து எழுதினாலும், எழுதிக் கொடுக்கும் அந்தச் செயலிலேயே நான் இந்த அரசின் கணக்கில் உள்ளவன் என்று சொல்லியாகிவிடுகிறது. அப்பா எழுதிய தாழ்மையெல்லாம் மேலே போட்ட துண்டு. உள்ளே இருந்தது அந்தச் சொல்தான். 1844 டிசம்பரில் வாய்ப்பூட்டு விதி நீங்கியது, அடிமைமுறை நீங்க இன்னும் ஓர் உள்நாட்டுப் போரும் 1865ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமும் வேண்டியிருந்தன.

இன்னொன்றும் வேண்டியிருந்தது. உரிமைப் பட்டியல் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1833இல் சொல்லியிருந்தது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம், முறையான சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்றது. அந்த வாசல் வழியாக உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்களுக்குள் நுழைய ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

1961 மார்ச் 2 அன்று தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் 187 கறுப்பின மாணவர்கள், இனப் பாகுபாட்டை எதிர்த்துத் தங்கள் குறையைச் சொல்வதற்காகச் சிறு சிறு குழுக்களாக அரசு மாளிகை வளாகத்துக்கு நடந்து போனார்கள். பதினைந்து நிமிடத்தில் கலைந்து போகும்படி போலீசார் சொன்னார்கள். மாணவர்கள் பாட்டுப் பாடினார்கள், காலால் தாளம் போட்டார்கள். அமைதியைக் குலைத்ததாகக் கைதாகித் தண்டனை பெற்றார்கள். 1963இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. கூடுவதும் மனு கொடுப்பதுமான உரிமைகள் அவற்றின் மிகத் தூய வடிவில் அங்கே வெளிப்பட்டன என்றது தீர்ப்பு.

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிப்பதற்காகவும், மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கக் கொக்கிரகுளத்தை நோக்கி ஊர்வலமாக வந்தவர்கள் மீது போலீசார் தடியடி நடத்தினார்கள். ஒருபக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி. குழந்தை ஒன்று உட்பட 17 பேர் இறந்தார்கள். பிறகு விசாரணை ஆணையம் வந்தது, அறிக்கை வந்தது. அடுத்த திங்கட்கிழமை அப்பா மேசையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவருடைய நோட்டில் அந்த வாரம் முழுவதும் வெறுமையாக இருக்கிறது. கொலம்பியாவின் புல்வெளியையும் எங்கள் ஆற்றங்கரையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

நம் அரசமைப்பில் இந்த உரிமை எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை 19ஆவது பிரிவில் பேச்சுரிமைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மனுவை அங்கே காணவில்லை. உரிமை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்னும் 32ஆவது பிரிவு இருக்கிறது, அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் அதுவே என்றார் அம்பேத்கர். அமெரிக்க அரசமைப்பில் அப்படி வெளிப்படையான ஒரு பிரிவு கிடையாது, அந்த வகையில் நாம் ஒரு படி மேலே. ஆனால் அங்கே முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது, இங்கே 1951இல் வந்த முதல் திருத்தம் பேச்சுரிமையின் மீது அரசு வைக்கக்கூடிய கட்டுப்பாடுகளை அகலப்படுத்தியது. அதற்குத் தூண்டுகோலான வழக்குகளில் ஒன்று, அன்றைய சென்னை மாநில அரசு ஒரு வார இதழைத் தடுத்ததால் எழுந்தது. கடைசியில் மனுவைக் கண்டுபிடித்த இடம் நான் எதிர்பாராதது. அரசமைப்பின் 17ஆவது பகுதியில், ஆட்சிமொழி பற்றிய பிரிவுகளுக்கு நடுவில், 350ஆவது பிரிவாக அது உட்கார்ந்திருக்கிறது. எவரும் தம் குறையைத் தீர்க்கும்படி மத்திய, மாநில அரசுகளின் எந்த அதிகாரியிடமும் அங்கே வழங்கும் எந்த மொழியிலும் முறையிடலாம் என்கிறது. எந்த மொழியில் முறையிடுவது என்பதைச் சொல்ல வந்த இடத்தில், முறையிடும் உரிமையையும் போகிறபோக்கில் எழுதிவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை மீதி. மனுவை வாங்க வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது, சரி. பதில் சொல்ல வேண்டுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் ஒரு வழக்கில் இதற்குத் தெளிவாகவே விடை சொன்னது. பேசவும் மனு கொடுக்கவும் உள்ள உரிமை, அரசு அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றோ பதில் தர வேண்டும் என்றோ கட்டாயப்படுத்துவதில்லை. இதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அப்பா எழுதுன மனுவுக்கெல்லாம் பதில் வந்துச்சா அண்ணே?" பரணிலிருந்து அந்த நோட்டுகளை இறக்கிப் பார்த்தேன். தேதி, ஊர், பெயர், பொருள், கூலி. பதில் என்று ஒரு கட்டத்தை அவர் எந்த நோட்டிலும் போட்டிருக்கவில்லை.

தங்கைக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. முதல் ஆறு கேள்விக்கும் சரியாகச் சொல்லிவிட்டதால் அதிகாரி அதோடு நிறுத்திக்கொண்டாராம். அந்த ஆறாவது கேள்வி வரவே இல்லையாம். ஐந்தையும் சொல்லிக் காட்ட வாய்ப்பில்லாமல் போனதில் அவளுக்கு வருத்தம். அடுத்த மாதமே உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டாள், இந்தியக் குடியுரிமை தானாகவே நீங்கிவிட்டது.

எங்கள் பூர்வீக வீட்டுமனையின் பட்டா இன்னும் தாத்தாவின் பெயரில்தான் இருக்கிறது. வாரிசுகள் பெயருக்கு மாற்றித் தரும்படி ஓர் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன், பதில் இல்லை. நான்காவது மனுவை இந்தத் திங்கட்கிழமை ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று எழுதத் தொடங்கியபோது, வாரிசுகளின் கையெழுத்து வரிசையில் அவள் பெயரைப் போடலாமா, இப்போது அவள் அயல்நாட்டுக்காரி அல்லவா என்று ஐயம் வந்தது. 350ஆவது பிரிவை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். குடிமகன் என்று அதில் இல்லை, எவரும் என்றுதான் இருக்கிறது. கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லி அவளுக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். "தாழ்மையுடன்" என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "அது கெடக்கட்டும் அண்ணே, அப்பா போட்டது" என்றாள்.